சோத்துக்கைப் பக்கம்

என் மருமகள் பல் செய்கிறவள். பல் டாக்டர் என்று எங்கள் உறவில் சிலர் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள், அது சரியல்ல. டாக்டர் வாயில் அளவெடுத்து அனுப்புவார். அந்த அளவை வைத்து பிளாஸ்டர் மாவில் அச்சு வார்த்து, மெழுகில் ஈறு கட்டி, பற்களை ஒவ்வொன்றாக நட்டு, வேகவைத்து, தேய்த்து மெருகேற்றிக் கொடுப்பது அவள் வேலை. பழைய மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு மாடியில் அந்த லேப் இருக்கிறது. ஜன்னலோரம் நீளமான மேசை, அதன்மேல் ஸ்பிரிட் விளக்குகள், எங்கே கை வைத்தாலும் ஒட்டிக்கொள்ளும் வெள்ளைத் தூள், சுவரலமாரி முழுக்க யார் யாருடையதோ மேல்தாடையும் கீழ்தாடையும். மேசையின் இடது ஓரம் அவளுடைய இடம். இடதுகையால் வேலை செய்கிறவள் என்பதால், நடுவில் உட்கார்ந்தால் பக்கத்து ஆளின் முழங்கையோடு இடிக்கும்.

இருபது வருஷத்துக்கு மேலாக அந்த முக்காலியில்தான் உட்கார்ந்திருக்கிறாள். கடைவீதியில் யாராவது வாய்விட்டுச் சிரித்தால் நின்று கவனிப்பாள். "மாமா, அந்தச் சிரிப்பு நான் செஞ்சது" என்பாள்.

அவளைப் பற்றி எல்லோருக்கும் தெரிந்த இன்னொரு விஷயம், அவளுக்கு வழி தெரியாது என்பது. ஐந்து வயதில் அவளுடைய அம்மா தீப்பெட்டி வாங்க அனுப்பினார்கள். தெருமுனையில் திரும்பினால் இரண்டாவது கடை. காலையில் போன பிள்ளை சாயங்காலம் ஊரின் மறுகோடியிலிருந்து ஒரு பால்காரரின் சைக்கிளில் வந்து இறங்கியது. அதிலிருந்து பிறந்த வீட்டில் அவளுக்குப் பெயரே 'தொலைஞ்சவ'. பெண் பார்க்கப் போன அன்றே அவளுடைய அம்மா என்னிடம் சொல்லிவிட்டார்கள்: "பொண்ணு தங்கம். தனியா மட்டும் எங்கேயும் அனுப்பிடாதீங்க, சம்பந்தி."

என் மகன் அதை அப்படியே பிடித்துக்கொண்டான். அவன் லிஃப்ட் மெக்கானிக். எதற்கும் ஒரு பாதுகாப்பு, அந்தப் பாதுகாப்புக்கு இன்னொரு பாதுகாப்பு என்று யோசிக்கிறவன். லேப் வரைக்கும் நேர்த்தெரு என்பதால் அங்கே மட்டும் அவள் தனியாகப் போவாள். மற்ற இடங்களுக்கு அவன் முன்னால் நடப்பான், இவள் பின்னால் வருவாள். ஒரு கல்யாண மண்டபமானாலும் ஆஸ்பத்திரியானாலும் அவன் முதுகைப் பார்த்தே போய்ச் சேர்ந்தாள். இதில் அவளுக்கு வருத்தம் இருந்ததாக நான் கவனித்ததில்லை. குட்டையான ஒருத்தர் தன் உயரத்தைப் பற்றிப் பேசுவது போலத்தான் அவளும் பேசுவாள்: "எனக்குத் திசை வராது. அமைப்பு அப்படி."

அவளை ஓட வைத்தது ஒரு பல்செட். ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவருடையது. நீர்த்தேக்கத்துக்கு மேலே, குன்றின் உச்சியில் இருக்கும் கிளினிக்கில் வைத்தியம் பார்த்துக்கொள்பவர். சாயங்காலம் அவருக்குப் பாராட்டு விழா. காலையில் மேல்செட் கைதவறி விழுந்து இரண்டாக உடைந்துவிட்டது. மத்தியானத்துக்குள் என் மருமகள் புதிதாக ஒன்று செய்து முடித்துவிட்டாள். கொண்டுபோய்க் கொடுக்கிற ஆளுக்கு அன்று காய்ச்சல். குன்றுக்குப் போகிற ரோடு மழையில் சரிந்து பஸ்ஸும் இல்லை. லேப் முதலாளி தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

"பல்லு இல்லாம அவரு என்ன பேசுவாரு? வெறும் காத்துதான் வரும்!"

"நான் போறேன் சார்," என்றாள் இவள்.

"நீயா? உன்னைத் தேட நான் யாரை அனுப்பறது?"

"நீர்த்தேக்கம் பின்னாடி ஒத்தையடிப்பாதை இருக்குல்ல. நேரா மேலதான் போகுது. மேல போறதுக்கு வழி என்ன தெரியணும்?"

டப்பாவைக் கைக்குட்டையில் சுற்றி எடுத்துக்கொண்டாள். நீர்த்தேக்கத்தின் கரை தாண்டும்வரை நடந்தாள். பாதை ஏறத் தொடங்கியதும் செருப்பு வழுக்கியது. கழற்றிப் பையில் போட்டாள். பிறகு கல்லுக்குக் கல் தாவினாள். தாவல் ஓட்டமாயிற்று. முள் கிழித்தது தெரியவில்லை. நெஞ்சு வெடிக்கப்போகிறது என்று நினைத்த இடத்தில், வெடிப்பதற்குப் பதிலாக ஏதோ திறந்துகொண்டது என்று சொன்னாள். அந்த இடத்துக்கு மேல் கால் தானாகப் போனது. உச்சியில் கிளினிக் வாசலில் நின்றபோது, டப்பா பத்திரமாக இருந்தது. அவளால்தான் நிற்க முடியவில்லை. களைப்பினால் அல்ல, இன்னும் ஓட வேண்டும் போல் இருந்ததாம்.

அன்று நீதிபதி விழா முடிந்த பிறகும் பேசிக்கொண்டே இருந்தார் என்று கேள்வி. "பல்லைக் கொண்டு போகாமலே இருந்திருக்கலாம்," என்று முதலாளி வருத்தப்பட்டார்.

நான் சமையலறையில் டீ வைத்துக்கொண்டிருந்தபோது அவள் உள்ளே வந்தாள். முகம் சிவந்து, முடியில் சருகு, காலெல்லாம் கீறல்.

"மாமா, நான் இன்னைக்கு ஓடினேன்."

"யாராவது துரத்தினாங்களாம்மா?"

"இல்ல மாமா. சும்மா."

"சும்மா யாராவது ஓடுவாங்களா?"

"அதான் எனக்கும் புரியல. நாளைக்கு இன்னொரு தடவை ஓடிப் பார்த்தாத் தெரியும்."

ஓடிப் பார்த்தாள். அதற்கடுத்த நாளும். லேப் திறப்பதற்கு முன் குன்றில் ஏறி இறங்கிவிடுவாள். என் மகன் பைக்கில் பின்னாலேயே போய் நீர்த்தேக்கத்தின் கரையில் காவல் நிற்பான். அவள் கண்ணுக்கு மறைந்தால் ஹாரன் அடிப்பான். மேலேயிருந்து அவள் ஒரு கூவு கூவ வேண்டும், அது ஒப்பந்தம். கரையில் நடைபயிற்சிக்கு வருகிறவர்கள் முதலில் பயந்தார்கள், பிறகு அவர்களும் சேர்ந்து கூவத் தொடங்கினார்கள்.

வீட்டின் தோற்றமே மாறியது. பால்கனியில் சேறு படிந்த ஷூ காய்ந்தது. அவன் ஸ்பேனர் பெட்டியின் மேல் அவள் காலுறை காய்ந்தது. கட்டைவிரல் நகம் கறுத்து விழுந்தபோது அதை எனக்குக் கொண்டுவந்து காட்டினாள், ஏதோ பரிசு வாங்கியது போல. ஏற்றத்தில் முழங்காலில் கை ஊன்றி நடப்பதும், இறக்கத்தில் உடம்பைத் தளர விடுவதும் தானே கண்டுபிடித்துக்கொண்டாள். "இறங்கும்போது பயந்தா விழுவோம் மாமா. விழுந்தா விழுவோம்னு விட்டுட்டா விழ மாட்டோம்," என்றாள். நான் மாடிப்படியில் அதை முயன்று பார்க்கவில்லை.

என் மகள், அதாவது அவளுடைய நாத்தனார், இரண்டு தெரு தள்ளி இருக்கிறாள். அவள் வாய்க்கு யாரும் தப்ப முடியாது.

"அண்ணி ஓடிப்போறாங்கன்னு தெருவே பேசுது. தெரியுமா?"

"ஓடித்தானே போறேன்."

"கூட யாரு?"

"உங்க அண்ணன்தான். பைக்ல."

"புருஷனோடயே ஓடிப்போற பொம்பளைய இப்பத்தான் பாக்கறேன். எட்டு மணிக்கெல்லாம் திரும்பி வேற வந்துடறாங்க!"

மலை ஓட்டத்தைப் பற்றிய நோட்டீசை அவள் பார்த்தது ஷூக் கடையில். ஒரு இரவு ரயிலில் போனால் வருகிற மலைநகரம்; அங்கிருந்து காட்டுப்பாதையில் முப்பது கிலோமீட்டர். பாதை நெடுக மரக்கிளைகளில் ஆரஞ்சு ரிப்பன் கட்டியிருப்பார்கள், அதைப் பார்த்து ஓட வேண்டும். நடுநடுவே தண்ணீர் மேசை உண்டு. மலைமுகட்டில் இருக்கும் மேசையைப் பகல் பன்னிரண்டு மணிக்குள் தாண்டாதவர்களை ஜீப்பில் ஏற்றிக் கீழே கொண்டுவந்துவிடுவார்கள்.

"ரிப்பன் கட்டியிருப்பாங்க!" என்று அவள் அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். "வழி கேக்கவே வேண்டாம். எனக்குன்னே வச்ச மாதிரி இருக்கு."

மகனும் கூடப் போவதாக ஏற்பாடு. இரண்டு டிக்கெட் எடுத்தார்கள். கிளம்ப வேண்டிய நாள் மத்தியானம் அவனுக்குப் போன் வந்தது. அரசு ஆஸ்பத்திரியில் நோயாளிகளைக் கொண்டுபோகிற லிஃப்ட் இரண்டு மாடிக்கு நடுவில் நின்றுவிட்டது. உள்ளே ஆள் இல்லை. ஆனால் ஆபரேஷன் தியேட்டர் மேல்மாடியில் இருக்கிறது. அந்த வகை லிஃப்ட்டைத் தெரிந்தவன் அவன் ஒருவன்தான்.

ஹாலில் அவள் பை கட்டி வைத்துக்கொண்டு நின்றாள். அவன் ஒரு கையில் டூல்ஸ் பையும் மறுகையில் டிக்கெட்டுமாக நின்றான்.

"அடுத்த வருஷம் போலாம்," என்றான்.

"அடுத்த வருஷம் வேற லிஃப்ட் நிக்கும்."

"நீ தனியா எப்படிப் போவே? ரயில்வே ஸ்டேஷன்ல பிளாட்பாரம் மாறிடுவே."

"கேட்டுக்கறேன்."

"காட்டுல யாரைக் கேப்பே? மரத்தையா?"

"மரத்துலதான் ரிப்பன் கட்டியிருக்காங்க!"

என் மகன் அவளுடைய பையைப் பார்த்தான், ஷூவைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அது அவர்கள் இரண்டு பேருக்கும் நடுவில் இருப்பது.

"சரி. ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதே. இந்த ஒரு தடவை போ. வழி தவறினா இதோட சரி. அப்புறம் தனியாப் போறேன்ற பேச்சே கூடாது. என்னால இங்க உக்காந்து செத்துச் செத்துப் பிழைக்க முடியாது."

"சத்தியமா," என்றாள் அவள்.

சண்டையில் அவன் ஜெயித்தானா அவள் ஜெயித்தாளா என்று அன்று எனக்குப் புரியவில்லை. அவளுக்குப் புரிந்திருந்தது. தவறினால் நீர்த்தேக்கக் கரையும் பைக் ஹாரனும்தான் இனி எப்போதும்.

திரும்பி வந்தபிறகு, போன கதையை அவள் சொன்னபோது நான் குறுக்கே பேசாமல் கேட்டேன். இத்தனைக்கும் முக்கால்வாசி ஒன்றுமே நடக்காத விஷயம். கீழ்ப்படுக்கை ஜன்னல் வழியே ஒரு ஆற்றுப்பாலம் போனது. எதிர் இருக்கையில் ஒரு அம்மாள் ஊறுகாய் ஜாடியை மடியிலிருந்து இறக்கவே இல்லை. மலைநகரத்து ஸ்டேஷனில் இறங்கியதும் குளிர் மூக்கில் ஏறியது. எந்தப் பக்கம் வாசல் என்று தெரியாமல் கூட்டம் போன பக்கம் போனாள். அது கழிவறை வரிசை. திரும்பி வந்து போர்ட்டரைக் கேட்டாள். ஓடுபவர்களுக்கு ஒதுக்கியிருந்த பள்ளிக்கூட அறையில் பெஞ்சுகளை ஓரமாகத் தள்ளிப் பாய் விரித்திருந்தார்கள். கரும்பலகையில் பாதி அழித்த பின்னக் கணக்கு. பக்கத்துப் பாய்ப் பெண் "எத்தனாவது மலை?" என்று கேட்டாள். "முதல்," என்றாள் இவள். "அய்யோ, அப்ப நாளைக்கு உங்களுக்குத்தான் ஜாலி!" என்றாளாம் அந்தப் பெண். இந்த ஒரு வாக்கியத்தை என் மருமகள் ஐந்தாறு தடவையாவது என்னிடம் சொல்லியிருப்பாள்.

காலையில் கொடி அசைந்ததும் எல்லோரும் ஒரே சமயத்தில் பாய்ந்தார்கள். முதல் ஏற்றத்திலேயே கூட்டம் கலைந்தது. அதன்பிறகு மூச்சுச் சத்தமும் ஷூவுக்கு அடியில் சருகு நொறுங்குவதும்தான். ரிப்பன் வந்தது, அடுத்த ரிப்பன் வந்தது. ஓடை வந்தது, கல்மேல் கால் வைக்காமல் நேரே தண்ணீரிலேயே இறங்கி ஓடினாள். எங்கிருந்தோ ஒரு பறவை விசிலடித்தது, இவளும் பதிலுக்கு அடித்தாள். அவளுக்கு விசிலடிக்கத் தெரியும் என்பதே எனக்கு இந்தக் கதையில்தான் தெரிய வந்தது. அவளுக்கு முன்னால் ஒரு முதுகும் இல்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக எதிரில் இருப்பது அவ்வளவும் தன் கண்ணுக்கு நேராக வருகிறது என்று திடீரென்று உறைத்ததாம். அந்த இடத்தில் காரணமில்லாமல் கத்தினாள். பின்னால் யாரோ பதிலுக்குக் கத்தினார்கள்.

முகட்டுக்குக் கீழே இருந்த தண்ணீர் மேசையை அடைந்தபோது மூடுபனி இறங்கிவிட்டது. மேசைக்குப் பின்னால் அந்த மலையின் தபால்காரர், தொண்டுக்காக வந்து நின்றவர், தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார்.

"எத்தனை மணிங்க?"

"பதினொண்ணு தாண்டிருச்சும்மா. நிக்காம போங்க. ஒரு விஷயம், மேல போனா பாதை ரெண்டாப் பிரியும். அங்க ரிப்பன் இருக்காது."

"ஏன்?"

"ஆடு தின்னுருச்சு. மேய்க்கிறவன் கிட்ட நேத்தே சொன்னேன், ஆரஞ்சு கலர்னா இதுங்களுக்கு உசுருன்னு. பரவால்ல, கவனமாக் கேட்டுக்குங்க. சோத்துக்கைப் பக்கம் ஏறுங்க. மத்தப் பக்கம் போனா பள்ளத்துல இறங்கி அந்தாண்ட போயிடும். சோத்துக்கைப் பக்கம், மறந்துடாதீங்க."

"சோத்துக்கைப் பக்கம்," என்று சொல்லிக்கொண்டே ஓடினாள்.

பிரியும் இடம் வந்தது. இரண்டு பாதையும் பத்தடியில் பனிக்குள் மறைந்தன. 'சோத்துக்கைப் பக்கம்' என்று வாய் சொல்லிக்கொண்டிருக்க, கால் ஒரு பக்கம் திரும்பிவிட்டது. நன்றாகத்தான் ஓடினாள். கொஞ்ச தூரம் சமதளம், பிறகு மெல்ல இறக்கம். இறக்கம் சுகமாக இருந்தது. கால் தானாக உருண்டது. அப்புறம்தான் மண்டையில் ஏதோ இடித்தது. ஏறுங்க என்றாரே மனுஷன்? இது இறங்குகிறதே?

நின்றாள். பனி சுற்றிலும் வந்து நின்றது. ஒரு சத்தமும் இல்லை.

ஐந்து வயதில் ஊரின் மறுகோடியில் நின்ற அதே நடுக்கம் என்று சொன்னாள். என் மகன் சொன்னது காதில் கேட்டது. தபால்காரர் சொன்னபடிதானே திரும்பினோம், அப்படியும் தப்பாகிவிட்டதே, அமைப்பே அப்படித்தானோ. மேசை வரைக்கும் திரும்பி இறங்கிப் போய்க் கேட்கலாம். கேட்டு மறுபடி ஏறி வருவதற்குள் பன்னிரண்டு ஆகிவிடும், ஜீப்தான். கேட்காமல் போனால் இந்தப் பனியில் எங்கே போய் நிற்போமோ. நீர்த்தேக்கக் கரையும் ஹாரனும் கண்ணுக்கு முன் வந்தன.

பயந்தால் அவளுக்குப் பசிக்கும். இது நான் பல வருஷம் பார்த்தது. இடுப்புப் பையிலிருந்து பேரீச்சம்பழத்தை எடுத்து வாயில் போட்டாள். இரண்டாவதை எடுத்துப் பாதி கடித்தாள். மீதிப் பாதியை வைத்திருந்த கையை அவள் அப்போதுதான் பார்த்தாள்.

இடதுகை.

வீட்டில், நாலு பேர் நடுவில், அவள் வலதுகையால்தான் சாப்பிடுவாள். சின்ன வயதில் அம்மா இடதுகையைத் தட்டித் தட்டிப் பழக்கியது. யாரும் இல்லாதபோது, லேப்பில் வேலைக்கு நடுவில் பிஸ்கட் தின்னும்போது, கை தன் இஷ்டத்துக்கு மாறிவிடும். தீப்பெட்டி வாங்கப் போன காலையில் அவளுடைய அம்மா சொன்னது என்ன? "தெருமுனை போய் சோத்துக்கைப் பக்கம் திரும்பு." ஊருக்கெல்லாம் சோத்துக்கை என்றால் வலதுகை. ஐந்து வயதில் அவளுக்குச் சோத்துக்கை எது? எந்தக் கையால் சோறு தின்றாளோ அந்தக் கை. அவள் சொன்னபடிதான் திரும்பியிருக்கிறாள், ஒரு அணுவும் பிசகாமல்! அதன்பிறகு அம்மா கையை மாற்றினார்களே தவிர, அந்தச் சொல் உடம்பில் எந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறது என்று யாரும் பார்க்கவில்லை. ஊரில் யார் வழி சொன்னாலும் சோத்துக்கைப் பக்கம், சோத்துக்கைப் பக்கம். ஒவ்வொரு தடவையும் கால் இடதுபக்கம் திரும்பியிருக்கிறது. ஒவ்வொரு தடவையும் எல்லோரும் தலையில் அடித்துக்கொண்டிருக்கிறார்கள்.

"அடிப்பாவி!" என்று தன் இடதுகையைப் பார்த்துச் சொன்னாள். சொல்லிவிட்டு அந்த மூடுபனிக்கு நடுவில் தனியாக நின்று சிரித்தாளாம், கண்ணில் தண்ணீர் வர, வயிற்றைப் பிடித்துக்கொண்டு.

பாதிப் பேரீச்சம்பழத்தை விழுங்கிவிட்டுத் திரும்பி ஓடினாள். பிரியும் இடத்துக்கு வந்தபோது எதிரே ஒருவர், தொப்பையும் மூக்குக்கண்ணாடியுமாக, பனி படிந்த கண்ணாடியைத் துடைத்தபடி சந்தேகமாக நின்றுகொண்டிருந்தார். ஒரு பாங்கியில் குமாஸ்தா என்று பிறகு தெரிந்தது.

"சார், அந்தப் பக்கம் போகாதீங்க! இந்தப் பக்கம் ஏறுங்க!"

"நிச்சயமா?"

"நிச்சயமா!"

"இந்த மலை உங்களுக்குப் பழக்கமோ?"

"முதல் தடவை சார்!"

அவர் மறுபேச்சில்லாமல் அவள் பின்னால் வந்தார். ஒரு மனிதர் தன் முதுகைப் பார்த்துக்கொண்டு வருகிறார் என்பதே அவளுக்குத் தாங்க முடியாத வேடிக்கையாக இருந்தது. ஏற்றம் செங்குத்தாக இருந்தது. கையை ஊன்றி ஏறினார்கள். "இன்னும் எவ்வளவு?" என்று அவர் பின்னாலிருந்து இழுத்து இழுத்துக் கேட்டார். "தெரியாது சார், வாங்க!" என்று இவள் முன்னாலிருந்து கத்தினாள். சட்டென்று தலைக்குமேல் வெளிச்சம் வந்தது. இன்னும் நாலு எட்டு, பனி இடுப்புக்குக் கீழே போய்விட்டது. முகடு! சுற்றிலும் வெள்ளையாக ஒரு சமுத்திரம், அதில் தீவுகள் மாதிரி மலைத்தலைகள், மேலே பளிச்சென்ற வெயில். மேசையில் ஒரு பெண் விசிலை வாயில் வைத்தபடி கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "வாங்க வாங்க வாங்க!" என்று கையை ஆட்டினாள். பன்னிரண்டு ஆக இன்னும் சில நிமிஷங்கள் இருந்தன. பாங்கிக்காரர் அங்கேயே மல்லாந்து விழுந்துவிட்டார். ஜீப் காலியாகக் கீழே போனது.

இவள் நிற்கவில்லை. முகட்டின் மறுபக்கம் எட்டிப் பார்த்தாள். பனி விலகிய இடத்தில், வெகு கீழே, ஒரு ஆறு வளைந்து அதன் வளைவுக்குள் ஒரு சின்ன ஊர் இருந்தது. சிவப்புக் கூரைகள், ஒரு பாலம், பாலத்தில் எறும்பு போல ஒரு பஸ். "அது எந்த ஊர்?" என்று விசில்காரப் பெண்ணைக் கேட்டாள். அவளுக்கும் தெரியவில்லை. பிறகு இறக்கம். உடம்பைத் தளர விட்டு, கையை இறக்கை மாதிரி விரித்து, புழுதி கிளம்ப இறங்கினாள். இதை நடித்துக்காட்டும்போதுதான் எங்கள் ஹாலில் இருந்த பூச்சாடி உடைந்தது.

இங்கே எங்கள் வீட்டில் அன்று ஞாயிற்றுக்கிழமை. லிஃப்ட் முந்தின நாளே சரியாகிவிட்டது, என் மகன்தான் சரியாகவில்லை. ஹாலில் பேப்பர் விரித்து, ஏற்கெனவே சுத்தமாக இருந்த ஸ்பேனர்களைத் துடைத்துக்கொண்டிருந்தான். என் மகள் "சும்மாதான் வந்தேன்" என்று காலையில் வந்தவள் மத்தியானம்வரை போகவில்லை. போன் அடித்தபோது மூன்று பேரும் எழுந்தோம். அவன் ஸ்பீக்கரைப் போட்டான்.

"என்னங்க, முடிச்சுட்டேன்!"

அவன் போனை வாய்க்குக் கிட்டே பிடித்தான். "கால் கை எல்லாம் ஒழுங்கா இருக்கா?"

"எல்லாம் இருக்கு. ஒரு நகம் இல்ல."

"வழி?"

மறைத்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. அவள் மறைக்கவில்லை. ஆடு, தபால்காரர், சோத்துக்கை, பேரீச்சம்பழம், தீப்பெட்டி எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினாள். "சத்தியம் பண்ணிட்டேன்ல, அதனால சொல்றேன். தவறினேன். நானே திரும்பி வந்துட்டேன்."

என் மகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தவள், அண்ணன் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை விழுங்கினாள். அவன் கையிலிருந்த ஸ்பேனரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"யாராவது சொன்னாங்களா, தப்புன்னு?" என்று கேட்டான்.

"யாரும் இல்லங்க அங்க."

"நீயாத்தான் கண்டுபிடிச்சியா?"

"நானேதான்."

"லிஃப்ட் மாடி தப்பி நின்னு, ஆள் வந்து இறக்கி விட்டாத்தான் அது பழுது," என்றான் அவன் நிதானமாக. "தானாவே சரியான மாடிக்கு வந்து நின்னா நாங்க அதைப் பழுதுன்னு எழுத மாட்டோம்."

"அப்படின்னா?"

"அப்படின்னா ஒண்ணும் இல்ல. ரயில் எத்தனை மணிக்கு? ஸ்டேஷனுக்கு வரேன்."

"ரயில் நாளன்னைக்குப் பார்த்துக்கலாங்க. மலைக்கு அந்தப் பக்கம் ஒரு ஊர் தெரிஞ்சுது, ஆத்துக்குப் பக்கத்துல. யாருக்கும் பேர் தெரியல. முதலாளி கிட்ட லீவு சொல்லிட்டேன். போய்ப் பார்த்துட்டு வந்துடறேன்."

"யார் கூட?"

"யார் கூடவும் இல்ல."

அவன் ஸ்பேனரைப் பெட்டிக்குள் வைத்தான். "ஸ்வெட்டர் போட்டுக்க," என்றான்.

என் மகளுக்குப் பொறுக்கவில்லை. போனை அவன் கையிலிருந்து பிடுங்கினாள்.

"அண்ணி, அந்த ஊருக்கு வழியாவது தெரியுமா?"

"தெரியாதே!" என்றாள் என் மருமகள். அந்தச் சொல்லை அவ்வளவு சந்தோஷமாக ஒருவர் சொல்லி நான் கேட்டதில்லை. பின்னால் கண்டக்டர் ஒருவர் ஊர்ப் பெயர்களைக் கூவி ஆள் சேர்க்கும் சத்தம் கேட்டது. பஸ் கிளம்புகிறது என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள்.